தாயான மாணவியும் சமயத்தாரின் பொறுப்பும்

பந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் சில ஆண்டுகளுக்கு முன்னர் நான்காம் படிவத்தில் பயின்றுகொண்டிருந்த மாணவி ஒருத்தி திடீரெனப் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். உறவினர் வீட்டிற்குச் சென்றிருப்பதாகப் பெற்றோர் கூறினர். வகுப்பாசிரியர் இருமுறை கடிதம் எழுதினார்; மறுமொழி வரவில்லை. அவள் கருவுற்றிருந்த செய்தியை முதலில் அறிந்தவர் ஆசிரியரல்லர், மருந்தகத்துத் தாதியுமல்லர். தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரியே ஆவார். பெண்ணின் தாயார் அவரிடந்தான் சென்று அழுதார். பூசாரி நல்ல மனிதர். ஆறுதல் கூறித் திருநீறு கொடுத்தார். எவரிடமும் வாய் திறக்கவில்லை. பள்ளியைப் பற்றி மட்டும் அவர் ஒரு சொல்லும் சொன்னாரில்லை. சொல்ல வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை. அப்பெண் அதன்பின் பள்ளி வாயிலை மிதிக்கவில்லை.

பூசாரியைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. தோட்டத்துக் குடும்பம் ஒன்றிற்குத் துன்பம் நேர்ந்தால் அது முதலில் தட்டும் கதவு கோயிலாகவோ, தேவாலயத்துச் செபக் குழுவாகவோ, சூராவாகவோ இருப்பதே இயல்பு. அலுவலகங்கள் அதற்குப் பின்னரே நினைவுக்கு வருகின்றன. ஆகவே இவ்விவகாரத்தில் சமயத்தார் தலையிடலாமா என்பது கேள்வியன்று. அவர்கள் தரும் ஆறுதல் அப்பெண்ணை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதே கேள்வி.

நம் நாட்டிலேயே இதற்கொரு விடை உண்டு. மலாக்கா இஸ்லாமிய சமய மன்றம் 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஜாசினில் ‘செக்கோலா ஹராப்பான்’ என்னும் பள்ளியைத் திறந்தது. பொருள், நம்பிக்கைப் பள்ளி. கருவுற்ற முஸ்லிம் மாணவிகள் அங்கே தங்கிச் சமய அறிவுரை பெற்றதோடு தேர்வுக்குரிய பாடங்களையும் பயின்றனர். பிறந்த சிசுக்களைக் கைவிட்டுச் செல்லும் கொடுமை நாளிதழ்களில் அடிக்கடி வெளிவந்த காலம் அது. தவறுக்கு இது ஊக்கமளிக்கும் என்று சிலர் கண்டித்தனர். எனினும், சமய அமைப்பொன்றே முன்வந்து, கணக்குப் புத்தகத்தை அப்பெண்ணின் கையில் மீண்டும் கொடுத்தது கவனிக்கத்தக்கது.

அடைக்கலம் மட்டும் போதாது என்பதற்கு அயர்லாந்து நாட்டின் துயர வரலாறு சான்றாகும். மணமாகாத தாய்மாருக்கென அங்கு நடத்தப்பட்ட இல்லங்களுள் பல கன்னியாஸ்திரீகளின் பொறுப்பில் இருந்தன. 18 நிலையங்களை ஆராய்ந்த விசாரணைக் குழு 2021 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ 9,000 குழந்தைகள் அங்கே மாண்டனர் என்றும், தாய்மார் இழிவாக நடத்தப்பட்டனர் என்றும் அது கூறிற்று. பிரதமர் மன்னிப்புக் கோரினார். கூரையும் சோறும் அங்கே இருந்தன. அவமானமும் உடன் பரிமாறப்பட்டது.

ஜமெய்க்காவில் 1978-இல் தொடங்கப்பெற்ற மகளிர் நிலையம் வேறு வழியில் சென்றது. கருவுற்ற மாணவி அங்கே பாடத்தைத் தொடர்வாள். பிள்ளை பெற்ற பின் வழக்கமான பள்ளிக்குத் திரும்புவாள். குழந்தையைக் காக்கத் தொட்டிலறையும் உண்டு. இம்மூன்றில் கடைசியாகச் சொன்னதே முதன்மையானது என்பேன். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் நான் கண்டது, தாயான மாணவி அறிவுக் குறைவால் படிப்பை விடுவதில்லை; குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் விடுகிறாள்.

நம் தோட்டங்களில் பாட்டியும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறார். வெள்ளிக்கிழமை வழிபாட்டிற்குக் கூடும் மாதர், முறைவைத்து அத்தொட்டிலை ஆட்ட இயலாதா? மாலையில் பூட்டிக் கிடக்கும் கோயில் மண்டபத்தில் ஒரு மேசையும் விளக்கும் தர இயலாதா? இதைவிடச் சிறந்த சமயத் தொண்டு எனக்குத் தெரியவில்லை.

சமயத்தார் அறிந்திருக்க வேண்டிய சட்டமும் சிறிது உண்டு. பதினாறு வயது நிரம்பாத பெண், தானே இசைந்திருந்தாலும், அவளுடன் உறவு கொண்டவன் தண்டனைச் சட்டப்படி வன்புணர்ச்சிக் குற்றம் புரிந்தவனாவான். இது பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கத்தக்க விவகாரமன்று. அவசரமாகத் தாலி கட்டிவைப்பதும் தீர்வாகாது. 1982 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி, முஸ்லிமல்லாதாரில் பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் திருமணம் செல்லாது. பதினாறு நிரம்பிய பெண்ணாயின் மந்திரி புசாரின் அனுமதி வேண்டும். மணமானவள் என்று பெயர் வந்துவிட்டால் வீட்டார் அவளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்பது நாம் அறிந்ததே.

குழந்தையின் பிறப்பை 60 நாள்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். தாய் மலேசியக் குடிமகளாயின், மணமாகாதவளுக்கு இந்நாட்டில் பிறந்த குழந்தையும் குடிமகவே. தந்தையின் பெயர் கிடைக்கவில்லையென்று பதியாமல் விட்டுவிட்டால், ஏழாண்டு கழித்து அக்குழந்தையின் பள்ளிச் சேர்க்கையும் இடறும். வீட்டில் இருக்க இயலாத பெண்ணுக்குச் சமூகநல இலாகாவின் தாமான் ஸ்ரீ புத்ரி இல்லங்கள் உள்ளன. 15999 என்னும் எண்ணில் வழி கேட்கலாம். பள்ளிக்குத் திரும்ப முடியாதவள் எஸ்.பி.எம். தேர்வைத் தனியார் பரீட்சார்த்தியாக எழுதலாம்.

பேறுகாலத் தீட்டு கழிந்து, தாயையும் சேயையும் கோயிலுக்கு அழைத்து வரும் நாள் ஒன்று உண்டு. பூசாரியும் பெற்றோரும் ஒருங்கே நிற்கும் அந்நாளில், திருநீறு கொடுத்த பின், “பள்ளிக்கு எப்பொழுது அனுப்புகிறீர்கள்?” என்று பூசாரி கேட்கட்டும். கேட்பவர் அவராக இருந்தால் தகப்பனார் மறுமொழி சொல்லாமல் போக மாட்டார்.