100 வீட்டுக்கு ஒரே மெயின் பைப்: எவ்வளவு பெரிசா இருக்கணும்?

அடுக்குமாடிக் குடியிருப்பில் காலை ஏழரை மணிக்கு ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி வந்தால், பலரும் மோட்டாரைத்தான் குறை சொல்வார்கள். ஆனால், கோளாறு கட்டடம் எழும்புவதற்கு முன்பே, காகிதத்தில் போட்ட கணக்கிலேயே இருக்கலாம். ‘இந்தக் கட்டடத்தில் ஒரே நேரத்தில் எத்தனை குழாய்கள் திறந்திருக்கும்?’ என்பதுதான் அந்தக் கணக்கு.

ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தேவை என்பது தொட்டியின் அளவைச் சொல்லும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் பாய வேண்டும் என்பதுதான் பைப்பின் அளவைச் சொல்லும். இரண்டும் வேறு வேறு.

எல்லாத்தையும் கூட்டினா போதாதா?

100 வீடுகள், வீட்டுக்கு ஒரு ஃப்ளஷ் டேங்க் என வைத்துக்கொள்வோம். ஒரு டேங்க் நிரம்ப 1 நிமிடம். அதற்கு 15 லிட்டர். நூறும் ஒரே நேரத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 1,500 லிட்டர் வேண்டும். ஆனால், நூறு பேரும் ஒரே நொடியில் ஃப்ளஷ் செய்யப்போவதில்லை. சரி, அப்படியென்றால் எத்தனை பேர்?

இதற்கு நிகழ்தகவு வழியாக விடை சொன்னவர் ராய் பி. ஹன்டர். அமெரிக்க அரசின் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் பணியாற்றியவர். அவருடைய முறை 1940-ல் வெளியானது. நெரிசல் நேரத்தில் ஒரு கழிப்பறை 5 நிமிடத்துக்கு ஒருமுறை பயன்படும் என்று அவர் வைத்துக்கொண்டார். டேங்க் நிரம்ப 1 நிமிடம் என்றால், எந்த நொடியில் பார்த்தாலும் அது நிரம்பிக்கொண்டிருக்க 5-ல் 1 வாய்ப்பு. ஆக, நூறில் சராசரியாக 20.

சராசரிக்கு மட்டும் பைப் போட்டால், நெரிசலில் கிட்டத்தட்ட பாதி நேரம் போதாமல் போகும். அதனால் ஹன்டர், ‘நெரிசல் நேரத்திலும் 99 சதவீதம் போதுமானதாக இருக்க வேண்டும்’ என்று வரம்பு வைத்தார். அப்படிப் பார்த்தால் விடை 30 டேங்க். அதாவது நிமிடத்துக்கு 450 லிட்டர். 1,500 எங்கே, 450 எங்கே!

இதே கணக்கில் 10 டேங்க் இருந்தால் 5-க்குத் தயாராக இருக்க வேண்டும். 1,000 இருந்தால் சுமார் 230-க்குத் தயாராக இருந்தால் போதும். எண்ணிக்கை கூடக்கூட, ஒரே நேரத்தில் ஓடும் பங்கு குறையும். 10 வீட்டுக் கணக்கைப் பத்தால் பெருக்கி 100 வீட்டுக்குப் போட முடியாது என்பது இதனால்தான்.

ஃபிக்ஸ்சர் யூனிட் என்றால்?

கழிப்பறை, குளியல் தொட்டி, வாஷ்பேசின் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில், ஒவ்வொரு இடைவெளியில் ஓடும். இவற்றை ஒரே தராசில் வைக்க ஹன்டர் கொடுத்த ‘எடை’தான் ஃபிக்ஸ்சர் யூனிட். நேரடியாகக் குழாயிலிருந்து பீய்ச்சும் ஃப்ளஷ் வால்வுக்கு 10, ஃப்ளஷ் டேங்குக்கு 5, குளியல் தொட்டிக்கு 4. எல்லாவற்றையும் கூட்டி, ‘ஹன்டர் வளைகோட்டில்’ பார்த்தால் நிமிடத்துக்கு எவ்வளவு பாயும் என்று தெரியும். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-லும் ஃபிக்ஸ்சர் யூனிட் முறை இருக்கிறது.

சிக்கல் எங்கே?

15 லிட்டர் டேங்க் எல்லாம் அந்தக் காலம். இன்று 6 லிட்டர் ஃப்ளஷ் சாதாரணம். 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்பதும் வரிசை நிற்கும் பொதுக் கழிப்பறைக்குப் பொருந்தும், வீட்டுக்குப் பொருந்தாது. பழைய கணக்கை அப்படியே போட்டால் பைப் தேவைக்கு மேல் பெரிதாகிவிடும்.

பெரிசா இருந்தா நல்லதுதானே? இல்லை. செலவு கூடும் என்பது ஒருபக்கம். பெரிய பைப்பில் தண்ணீர் மெதுவாக நகரும், அதிக நேரம் தேங்கும். கிருமியைத் தடுக்கும் குளோரின் குறையும். லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியா வளர வழி கிடைக்கும். மையக் கொதிகலன் உள்ள கட்டடத்தில் சுடுதண்ணீர் வந்துசேரவும் நேரமாகும். அதனால்தான் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் உண்மையான பயன்பாட்டை அளந்த தரவுகளைக் கொண்டு, குடியிருப்புகளுக்கென்றே புதிய கணக்கீட்டு முறை உருவாக்கப்பட்டது. அது அங்குள்ள பிளம்பிங் விதித்தொகுப்பின் 2018 பதிப்பில் பின்னிணைப்பாகவும் இடம்பெற்றது.

மறுபக்கமும் உண்டு. ஒருவர் குழாயைத் திறப்பதற்கும் இன்னொருவர் திறப்பதற்கும் சம்பந்தமில்லை என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. காலை ஆறரைக்கு மொத்தமாக எழுந்து குளிக்கும் விடுதியிலும், இடைவேளை விட்ட தியேட்டரிலும் அது உடைந்துபோகும். அங்கே சராசரியை நம்பினால் மேல்மாடி காய்ந்துவிடும்.

வீடு வாங்குபவர் என்ன கேட்கலாம்?

‘தொட்டி எத்தனை லிட்டர்?’ என்பதோடு நிறுத்த வேண்டாம். ‘உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வைத்து பைப் போட்டீர்கள்? எந்த முறையில் கணக்கிட்டீர்கள்? மேல்தளத்தில் அழுத்தம் எவ்வளவு இருக்கும்?’ என்றும் கேளுங்கள். சுவருக்குள் புதைத்த பிறகு பைப்பை மாற்றுவது லேசான வேலை இல்லை. கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம், வரைபடம் கையில் இருக்கும்போதுதான்.