படி ஏற மூச்சு வாங்குகிறதா? கழுத்திலும் இருக்கலாம் காரணம்

ஹேடோ துறையில் சென்னைக் கப்பல் வந்து நிற்கும் நாளில் ஏணிப்படியைக் கவனித்தால் ஒன்று தெரியும். பெட்டி, மூட்டைகளோடு சிலர் ஒரே மூச்சில் ஏறிவிடுகிறார்கள். அதே வயதுள்ள வேறு சிலர் பாதிப் படியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இளைக்கிறார்கள்.

கேட்டால் ஆளுக்கொரு காரணம் வரும். "வயசாச்சு", "வாயு", "இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலே", "நேத்து ராத்திரி டூட்டி". எல்லாமே உண்மையாக இருக்கலாம். ரத்தசோகை, ஆஸ்துமா, இருதய நோய் ஆகியவையும் காரணமாக இருக்கலாம். ஆனால் யாரும் நினைத்துப் பார்க்காத காரணம் ஒன்று உண்டு. அது கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் தைராய்டு சுரப்பி.

இருபது கிராம் எடை

இந்தச் சுரப்பியின் எடை சுமார் 20 கிராம்தான். ஆனால் அதிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஹார்மோன், உடம்பின் ஒவ்வொரு உறுப்பும் எந்த வேகத்தில் வேலை செய்யவேண்டும் என்று தீர்மானிக்கிறது. அளவு கூடினால் எல்லாம் ஓடும். குறைந்தால் எல்லாம் தூங்கும்.

கூடிப்போனால் நெஞ்சு படபடக்கும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும். கை நடுங்கும். குமாஸ்தாவாக இருப்பவருக்குக் கையெழுத்துக் கோணல்மாணலாகி, பாங்கியில் செக் திரும்பி வரும்போதுதான் விஷயம் தெரியவரலாம். வியர்வை கொட்டும், அந்தமான் புழுக்கத்தில் அதை யார் நோய் என்று நினைப்பார்கள்?

குறைந்துபோனால் நேர்மாறு. உடம்பு கனக்கும், மலச்சிக்கல் வரும், குரல் கரகரக்கும், கால் கெண்டைச்சதை இழுத்துப் பிடிக்கும், எப்போதும் தூக்கம் வரும். ஆபீசில் "சோம்பேறி" என்று பெயர் கிடைக்கும்.

இந்தக் குறைபாடு அபூர்வமானதும் அல்ல. சென்னை உள்பட எட்டு நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து, 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத் தைராய்டு ஹார்மோன் குறைவு இருந்தது தெரிந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தனக்கு அந்த நோய் இருப்பதே அதுவரை தெரியாது!

விடியற்காலையில் வரும் முடக்கம்

"தைராய்டு பெண்களுக்கு வருகிற நோய்" என்று ஆண்கள் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். பெண்களுக்கு அதிகம் வருவது உண்மைதான். ஆனால் இந்த நோயின் விசித்திரமான கோலம் ஒன்று பெண்களை விட்டுவிட்டுப் பெரும்பாலும் ஆண்களைத்தான் பிடிக்கிறது. அதுவும் 20-லிருந்து 40 வயதுக்குள், உடல் உழைப்பு உழைக்கிற ஆண்களை.

அது வருகிற விதம் இப்படி. பகல் முழுதும் கடுமையான வேலை. இரவு பசியோடு வந்து வயிறு நிறையச் சோறு, சில சமயம் இனிப்பு, சில சமயம் மது. பிறகு அசந்த தூக்கம். விடியற்காலையில் எழுந்திருக்கப் பார்த்தால் இரண்டு காலும் வராது. நினைவு தெளிவாக இருக்கும், கிள்ளினால் உணர்ச்சி இருக்கும், பேச்சு இருக்கும். காலை மட்டும் தூக்க முடியாது. சிலருக்குக் கையும் வராது.

வீட்டில் கூக்குரல் எழும். பக்கவாதம் என்பார் ஒருவர். காற்று, கருப்பு என்பார் இன்னொருவர். சில மணி நேரத்தில் கால் தானாகத் திரும்பவும் வந்துவிடுவதும் உண்டு. அப்போது மந்திரித்தவருக்கு நல்ல பெயர்!

உள்ளே நடப்பது வேறு. தைராய்டு ஹார்மோன் அளவு மீறியிருக்கும் உடம்பில், மாவுச்சத்து நிறைந்த சாப்பாட்டுக்குப் பின் இன்சுலின் சுரக்கும்போது, ரத்தத்தில் இருக்கவேண்டிய பொட்டாசியம் என்ற உப்புச்சத்து தசைகளுக்குள் ஓடிப் பதுங்கிக்கொள்கிறது. ரத்தத்தில் அது குறைந்தால் தசை இயங்காது. ஜப்பானியர், சீனர் முதலான ஆசிய ஆண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. இந்திய மருத்துவமனைகளிலும் இப்படிப் பலர் வந்திருப்பதை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு இதற்கு ஏதுவான பரம்பரைக்கூறு ஒன்று இருப்பதை 2010-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர்.

கால் திரும்பிவிட்டது என்று மறுநாள் வேலைக்குப் போய்விடுவதுதான் ஆபத்து. பொட்டாசியம் இறங்கினால் இருதயத் துடிப்பும் தாறுமாறாகி உயிரே போகலாம். ஆகவே கால் வராத அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். இளநீரில் பொட்டாசியம் இருக்கிறதென்று வீட்டில் வைத்து இளநீர் கொடுத்துக் காத்திருப்பது சரியல்ல. பொட்டாசியத்தை அளந்து, இருதயத்தைக் கண்காணித்துத்தான் டாக்டர்கள் கொடுப்பார்கள். தைராய்டு கோளாறு குணமானால் இந்த முடக்கம் மறுபடி வருவதில்லை.

இவ்வளவு கடுமையாக வராதவர்களுக்கும் தசை பலவீனம் உண்டு. தொடையும் தோளும்தான் முதலில் தளரும். குத்துக்கால் போட்டு உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாது. பரணில் சாமான் வைக்கக் கை தூக்க முடியாது. கப்பல் ஏணியில் பாதியில் நிற்பதும் இதனால் இருக்கலாம்.

புழு அரித்த எலும்பு

தைராய்டு மிகையான ஒரு நோயாளியின் எலும்பு புழு அரித்ததுபோல் இருந்ததை 1891-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனி டாக்டர் வான் ரெக்லிங்ஹவுசன் எழுதிவைத்தார்.

எலும்பு கல் அல்ல. பழைய எலும்பு கரைவதும், அந்த இடத்தில் புது எலும்பு ஊறுவதும் ஆயுள் முழுதும் நடக்கிறது. தைராய்டு ஹார்மோன் கூடினால் இந்த வேலை ஏறக்குறைய இரட்டை வேகத்தில் நடக்கிறது. இடிக்கிறவன் வேகத்துக்குக் கட்டுகிறவனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. சுவர் மெலிகிறது.

அமெரிக்காவில் 65 வயது தாண்டிய பெண்களிடம் நடந்த ஆராய்ச்சி 2001-ல் வெளியாயிற்று. தைராய்டு வேகம் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு மூன்று மடங்கும், முதுகெலும்பு முறிவு நான்கு மடங்கும் அதிகமாக இருந்தன. இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்களில் பலர் தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தவர்கள் என்பது. அதாவது சுரப்பி செய்கிற கெடுதலை, அளவு தெரியாமல் சாப்பிடும் மாத்திரையும் செய்யும்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. மாதவிடாய் நின்ற 150 பெண்களை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் பரிசோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எலும்பு ஏற்கெனவே மெலிந்திருந்தது. உணவில் சுண்ணாம்புச் சத்துப் போதாமை, வைட்டமின் 'டி' குறைவு எல்லாம் அங்கே இருந்தன. மெலிந்த எலும்பின்மேல் தைராய்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இருதயத்தின் தாளம்

அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் 60 வயது கடந்த 2,007 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தைராய்டு வேகம் மிகுந்திருந்தவர்களுக்கு இருதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும் கோளாறு மற்றவர்களைவிட மூன்று மடங்கு அதிகமாக வந்ததென்று 1994-ல் வெளியிட்டார்கள். அப்படித் துடிக்கும் இருதயத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ஹார்மோன் குறைந்தாலும் இருதயத்துக்கு நல்லதில்லை. நாடி மெதுவாகும், ரத்தத்தில் கொழுப்பு ஏறும்.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். காலையில் படுக்கையைவிட்டு எழுமுன் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். 100-க்கு மேல் இருந்தாலோ, விட்டுவிட்டுத் துடித்தாலோ டாக்டரிடம் போகவேண்டும். அவர் டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுப்பார். ஒரே ஊசிக் குத்து. ஹேடோவில் இருப்பவர்களுக்கு ஜி.பி.பந்த் அரசு மருத்துவமனை அதே நகரில்தான் இருக்கிறது.

கடல் பக்கம் என்றால் போதுமா?

ஹார்மோன் தயாரிக்கச் சுரப்பிக்கு அயோடின் வேண்டும். "நாலு பக்கமும் கடல், தினம் மீன், நமக்கென்ன அயோடின் பஞ்சம்?" என்று தீவில் இருப்பவர்கள் கேட்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் பலத்த மழை மண்ணிலுள்ள அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விடும். அந்தமானில் மழைக்குக் குறைவா என்ன? நாட்டில் எந்த மாநிலமும், எந்த யூனியன் பிரதேசமும் அயோடின் குறைவிலிருந்து தப்பவில்லை என்பது மத்திய அரசு நடத்திய கணக்கெடுப்புகளின் முடிவு.

இமாலயச் சாரலில் காங்ரா பள்ளத்தாக்கில், டாக்டர் வி.ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் 1956-ல் தொடங்கிய பரிசோதனையில், அயோடின் கலந்த உப்புக் கொடுத்த பகுதிகளில் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. அதை வைத்துத்தான் 1962-ல் தேசியத் திட்டமே பிறந்தது. 2006-லிருந்து, அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு விற்க நாடு முழுதும் தடை.

இதில் தமிழர்கள் சற்று வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று. உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. ஆனால் 2018-19-ல் நடந்த கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்ததும் தமிழ்நாட்டில்தான்: நூற்றுக்குச் சுமார் 62. நாட்டின் சராசரி 76. தூத்துக்குடிக் கல்லுப்பின் ருசி விடுவதில்லை! லீவு முடிந்து கப்பலேறும்போது ஊரிலிருந்து உப்புக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், பையில் அயோடின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். உப்பைக் கழுவிப் போட்டாலும், திறந்த சாடியில் ஈரம் கோக்க விட்டாலும் இருக்கும் அயோடினும் போய்விடும்.

காபிக்கு முன்னால்

ஹார்மோன் குறைந்தவருக்கு டாக்டர் கொடுப்பது தைராக்சின் மாத்திரை. விடியற்காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் சாப்பிட வேண்டும். காபி, டீயெல்லாம் குறைந்தது அரைமணி நேரம் கழித்து. காபியோடு சேர்த்து விழுங்கினால் மாத்திரை சரியாக ரத்தத்தில் சேராது. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

மனைவிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கணவன் சாப்பிடுவது, உடம்பு மெலிய வேண்டுமென்று இரண்டாகப் போட்டுக்கொள்வது, ஐந்து வருஷத்துக்கு முந்திய சீட்டைக் காட்டி அதே அளவை வாங்கிக்கொண்டே இருப்பது ஆகிய மூன்றும் எலும்பையும் இருதயத்தையும் கெடுக்கும் வழிகள். மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் உத்தியோகஸ்தர்களிடம் மூன்றாவது வழக்கம் அதிகம். அளவு நிலைத்தபின்னும் வருஷத்துக்கு ஒரு முறையாவது ரத்தம் பார்க்க வேண்டும்.

லேசான குறைவு உள்ள எல்லோருக்கும் மாத்திரை அவசியம் என்பதும் இல்லை. ஐரோப்பாவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேருக்கு, பாதிப் பேருக்கு மாத்திரையும் பாதிப் பேருக்கு வெறும் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். களைப்பு இரு சாராருக்கும் ஒரே மாதிரிதான் இருந்ததென்று 2017-ல் தெரியவந்தது. யாருக்கு மாத்திரை, யாருக்குச் சும்மா கவனித்து வருவது என்பதை டாக்டர்தான் ரத்தத்தையும் வயதையும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சென்னைக்குப் புறப்படும்போது லீவு நாட்களுக்கு மட்டும் எண்ணி எடுத்துக்கொள்கிறார்கள். புயல் வந்தால் கப்பல் தள்ளிப்போகும். பத்து நாள் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். அதை டிரங்குப் பெட்டியில் போட்டு வெயிலில் காயவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.