துப்பும் தெரிந்த ரகசியமும்: 'சுழல்' குறித்து

துப்பறியும் கதைக்குள் இரண்டு கதைகள் இருப்பதாக 1966இல் தொதோரோவ் எழுதினார். ஒன்று குற்றத்தின் கதை; நாம் வந்து சேரும்போது அது முடிந்துபோயிருக்கும். மற்றது விசாரணையின் கதை. அதிலுள்ளவர்களுக்கு ஒன்றும் நேர்வதில்லை, தெரிந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். புஷ்கர்-காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கி, 2022 ஜூனில் அமேசான் பிரைமில் எட்டுப் பகுதிகளாக வந்த 'சுழல்' இந்தப் பிரிவினையைக் குலைக்கிறது. காணாமல்போன நிலாவைத் தேடவேண்டிய இன்ஸ்பெக்டர் ரெஜினாவின் மகனே அவளோடு காணாமல்போனவன். விசாரிப்பவள் குற்றத்துக்கு வெளியே நிற்க முடியாது. தொடருக்குக் கிடைத்த புகழில் பாதியை இதற்காகவே தாராளமாகக் கொடுத்துவிடலாம்.

மீதிப் பாதிதான் பிரச்சனை. முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியான இதை 'மண்ணின் தொடர்' என்று கொண்டாடினார்கள். எந்த மண்? சாம்பலூர் கற்பனை மலையூர். அங்கே நடக்கிற மயானக்கொள்ளையோ, மாசி அமாவாசையில் மேல்மலையனூர் அங்காளம்மனை மையமாகக்கொண்டு வடதமிழகத்தில் பெரிதாக எடுக்கப்படுவது. ஒரு சடங்கைப் பெயர்த்து இன்னொரு நிலத்தில் நடுவது பாவமில்லைதான். ஆனால் தொண்ணூறுகளின் 'விடாது கருப்பு'வில் கருப்புசாமியே சந்தேக வட்டத்துக்குள் இருந்தார்; தெய்வம் கதையின் கேள்வியாக இருந்தது. இங்கே அங்காளம்மன் ஒளியமைப்பாகவும் பறையோசையாகவும் நிற்கிறாள். (2025இல் வந்த இரண்டாம் பாகத்திலும் ஒரு திருவிழா!)

கவுஞ்சியில் அத்தை வீட்டில், டவர் கிடைக்கிற திண்ணை மூலையில் போனைச் சாய்த்துவைத்து இதைப் பார்த்தோம். அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் பகுதியிலேயே, "ஏம்ப்பா, மலையூருங்கறான், ஒருத்தனும் சுமை தூக்கக் காணமே" என்றாள். நான் இரண்டு பக்கத்தில் சொல்லவிருந்ததை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். சிமெண்ட் ஆலை, வேலைநிறுத்தம், தீ என்றுதான் தொடர் தொடங்குகிறது. பார்த்திபன் நடித்த சண்முகம் தொழிற்சங்கத் தலைவர். தீ எரிந்த இரவில் அவர் மகள் காணாமல்போகிறாள். அதோடு தொழிலாளர்களும் பிரதியிலிருந்து காணாமல்போகத் தொடங்குகிறார்கள். அவர்களை யாரும் தேடுவதில்லை. வர்க்கத்தின் குற்றம் குடும்பத்தின் குற்றமாக மடிக்கப்படுகிறது.

முடிவில் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்த உறவுக்காரன் என்று தெரியவரும்போது எனக்கு அதிர்ச்சி. அத்தை நிமிரவில்லை. "வீட்டு ஆளாத்தான் இருக்கும்னு மொதல்லயே தெரியும்" என்றாள். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மர்மம் என்பது யாருக்கு மர்மம்? எட்டுப் பகுதிகளின் இழுவிசை முழுக்க, பெண்கள் முன்பே அறிந்திருக்கிற ஒன்றை அறியாதிருப்பவனின் பார்வையில் கட்டப்பட்டது. அக்கா நந்தினிக்கும் அது தெரியும். அவள் உடம்பும் அதே வீட்டில் அதை அனுபவித்தது. தெரிந்தவளைப் பேசவிடாமல் வைத்திருந்தால்தான் சஸ்பென்ஸ் நிற்கும். வீட்டில் நிலவும் மௌனமும் கதைசொல்லலின் மௌனமும் ஒரே வேலையைச் செய்கின்றன. தொடருக்கு இது ஓரளவு தெரிந்திருக்கிறது என்றே படுகிறது. ஐஸ்வர்யா ராஜேஷின் முகத்தில் அது இருக்கிறது. ஆனால் நந்தினி வாய்திறக்கும் இடத்தில் தொடர் அவளை அம்மனாக்கிக் கொலைசெய்ய வைத்துவிடுகிறது. பார்வையாளன் கைதட்டிவிட்டு எழுந்துபோகலாம். வீட்டில் கூடவே சாப்பிட்டு, எதையும் பார்க்காமலிருந்த மற்றவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை.