கைமாறிய தோட்டா யந்திரம்

பழைய சாமான் வாங்குவதும் ஒரு வித்தைதான். உபாத்தியாயர் சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் நமக்கு அந்த வித்தையில் ஓரளவு பயிற்சி உண்டு. பழைய புஸ்தகமானால் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பழைய சைக்கிளானால் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கிறோம். ஆனால் அமெரிக்க தேசத்திலே கைமாறுகிற ஒரு பழைய சாமானைப் பற்றிக் கேட்டால் நேயர்கள் சற்றுத் திடுக்கிடுவார்கள். அதுதான் சுட்ட தோட்டாவை மறுபடியும் நிரப்பும் யந்திரம்.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டுக் குடும்பம். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கொடுக்கும் சிறு தொப்பி, உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டபின் மருந்து எரிந்து போகிறது, குண்டு பறந்து போகிறது, தொப்பியும் உயிரிழக்கிறது. விலையுயர்ந்த பித்தளைக் கூடு மட்டும் கையில் மிஞ்சுகிறது. அதை எறிந்து விடச் சிக்கனக்காரனுக்கு மனம் வருமா? யந்திரத்தின் கைப்பிடியை இழுத்தால், தண்டு மேலே எழுந்து, விரிந்த கூட்டை ‘டை’ என்னும் எஃகு அச்சுக்குள் செலுத்தி, பழைய அளவுக்குச் சுருக்குகிறது. செத்த தொப்பியையும் வெளியே தள்ளுகிறது. புதுத் தொப்பி வைத்து, மருந்து நிறுத்துப் போட்டு, குண்டை அழுத்தினால் தோட்டாவுக்கு மறுபிறவி! நல்ல கூடு இப்படிப் பல ஜன்மங்கள் எடுக்கும்.

இது நேற்று முளைத்த வழக்கமன்று. 1884-ல் ஜான் பார்லோ என்பவர் ‘ஐடியல்’ என்ற பெயரில் ஒரு கம்பெனி ஆரம்பித்து, நமது பாக்குவெட்டியைப் போன்ற ஒரு கைக்கருவியை வேட்டைக்காரர்களுக்கு விற்றார். 1925-ல் அந்தக் கம்பெனியை லைமன் கம்பெனியார் வாங்கிக் கொண்டனர். 1943-ல் உலக யுத்தத்தின் நடுவில் நல்ல குண்டுகளுக்குப் பஞ்சம் வந்தபோது, கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரில், பிரெட் ஹண்டிங்டன் என்பவர் தம் தகப்பனாரின் சலவைச் சாலைப் பின்கட்டிலே குண்டு செய்யும் அச்சுகளைக் கடைந்தெடுத்தார். ‘ராக் சக்’ என்னும் மலை அணிலை வேட்டையாடுவதற்கான குண்டுகள் அவை. ஆர்.ஸி.பி.எஸ். என்ற கம்பெனி அந்தப் பெயரிலிருந்து பிறந்ததே.

இந்த யந்திரங்கள் வார்ப்பிரும்பினாலானவை. மனிதனைவிட நீண்ட ஆயுள் படைத்தவை. ஆகவே ஒருவர் காலமானபின் வீட்டுச் சாமான்களோடு இவையும் விலைக்கு வருகின்றன. வாங்க வருகிறவர் என்ன பார்க்க வேண்டும்? முதலில், சட்டத்தில் விரிசலோ, விரிசலை மறைக்கும் புதுப் பூச்சோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தண்டை உயர்த்திப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். அதிக ஆட்டம் கொடுத்தால் குண்டு கோணலாக உட்காரும். கைப்பிடியின் மூட்டாணிகள் தேய்ந்திருக்கின்றனவா என்றும் கவனிக்க வேண்டும். மேற்புறத்துத் துவாரத்தின் மரை, அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு விட்டமும் அங்குலத்துக்கு 14 சுற்றும் கொண்டதாக இருந்தால், இன்றைய அச்சுகள் பெரும்பாலும் பொருந்தும். மிகப் பழைய யந்திரங்கள் சிலவற்றில் இந்த அளவு கிடையாது. அவை அலமாரி அலங்காரத்துக்கே உதவும். மேலோட்டமான துருவைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதற்கு எண்ணெயும் பொறுமையும் போதும்.

ஒரே இழுப்பில் பல வேலைகளைச் செய்யும் யந்திரங்களும் உண்டு. ஆனால் புதிதாகக் கற்பவருக்கு, ஓர் இழுப்புக்கு ஒரு வேலை செய்யும் யந்திரமே உத்தமம். வாய்பாடு தெரியாத பையனுக்கு வட்டிக் கணக்கு எதற்கு?

இனிமேல்தான் முக்கியமான விஷயம். யந்திரத்தின் குற்றம் கண்ணுக்குத் தெரியும். பழைய சொந்தக்காரரின் குற்றம் தெரியாது. யந்திரத்தோடு வரும் பெட்டியில் அவர் நிரப்பி வைத்த தோட்டாக்கள் இருக்கும். பாதி தீர்ந்த மருந்து டப்பாவும் இருக்கும். “சேர்த்தே எடுத்துக் கொள்ளுங்கள்” என்பார்கள். இலவசமென்று மயங்குகிறவர் கண்ணையோ கையையோ இழக்கக் கூடும்.

காரணம் சொல்லுகிறோம். மருந்தை நிறுக்கும் ‘கிரெயின்’ என்ற அளவு நமது குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி எடைதான். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குச் சில கிரெயின்களே போதும். .38 ஸ்பெஷல் போன்ற கூடுகள், இடம் அடைக்கும் பழைய கரிமருந்துக்காக நீளமாக வகுக்கப்பட்டவை. இன்றைய மருந்து அதன் அடியில் சிறிதளவே கிடக்கும். மறதியாக இரண்டு தடவை போட்டாலும் வழியாது. குண்டை வைத்து மூடிய பிறகு அந்தப் பிழையை எந்தப் பரீட்சகரால் கண்டுபிடிக்க முடியும்? சுடும்போது துப்பாக்கியே வெடிக்கலாம். மருந்தே போட மறந்தாலும் ஆபத்துதான். தொப்பியின் வேகத்தால் குண்டு குழாயின் நடுவிலே சிக்கிக் கொள்ளும். அடுத்த குண்டு அதன்மேல் மோதும். ஆகையால், அநுபவசாலிகள் பிறர் நிரப்பிய தோட்டாவைச் சுடுவதில்லை. திறந்த டப்பா மருந்தை, சீட்டு எதைச் சொன்னாலும், நம்புவதுமில்லை. தாமே நிரப்பும்போதுகூட ஐம்பது கூடுகளை வரிசையாக நிறுத்தி, விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளும் எட்டிப் பார்த்த பிறகே குண்டை வைக்கிறார்கள்.

அமெரிக்காவின் மத்திய சட்டப்படி, சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப லைசென்ஸ் வேண்டாம். விற்பனைக்காகச் செய்தால் வேண்டும். நம் தேசத்தின் கதை வேறு. அந்நிய சர்க்கார் 1878-ல் செய்த ஆயுதச் சட்டம் நம்மவர் கையைக் கட்டிப்போட்டது. 1931-ல் கராச்சி காங்கிரஸ், ஒழுங்கு விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. சுதந்திர இந்தியா 1959-ல் செய்த சட்டமோ, தோட்டா செய்யும் யந்திரத்தையும் தோட்டாவின் வகையிலேயே சேர்த்திருக்கிறது. ஆகவே, யாரும் இதைப் படித்துவிட்டு இரும்புக் கடைக்குப் புறப்பட வேண்டியதில்லை.

பின் எதற்காக இவ்வளவும் எழுதினோம்? இரும்பு தேய்ந்திருந்தால் மாற்றலாம். மாற்றான் கவனம் தேய்ந்திருந்தால் அதற்கு மாற்று ஏது? பழைய சாமானை வாங்கலாம். அதைக் கையாண்டவரின் ஜாக்கிரதையை விலைக்கு வாங்க முடியாது. அதை அவரவர் சொந்தத்தில்தான் சம்பாதிக்க வேண்டும்.