கன்ட்ரோலர்: கோரிக்கைக்கும் பதிலுக்கும் நடுவே

பிரவுசரிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி, வேலையை உரிய ஆப்ஜெக்ட்டுகளிடம் ஒப்படைத்து, என்ன பதில் போக வேண்டும் என்று முடிவுசெய்யும் கிளாஸ்தான் வலை நிரலாக்கத்தில் கன்ட்ரோலர். தரவும் அதற்குரிய விதிகளும் மாடலின் பொறுப்பு. பக்கத்தை வரைவது வியூவின் பொறுப்பு. மூன்றும் சேர்ந்த அமைப்புக்கு எம்.வி.சி. (மாடல்-வியூ-கன்ட்ரோலர்) என்று பெயர்.

இந்த அமைப்பு வலையைவிட மூத்தது. நார்வேக்காரரான டிரிக்வே ரீன்ஸ்காக், கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஸ்மால்டாக் நிரல்மொழிக் குழுவுடன் இருந்தபோது 1979இல் எழுதிய குறிப்புகளில் இது உருவானது. அங்கே கன்ட்ரோலரின் வேலை மவுஸையும் விசைப்பலகையையும் கவனிப்பது. மாடல் மாறினால் திரையிலிருக்கும் வியூ உடனே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். வலையில் அது நடக்காது. ஹெச்.டி.டி.பி. முறையில் கோரிக்கை வரும், பதில் போகும், அதோடு சரி. முந்தைய கோரிக்கை எதுவும் நினைவில் இருக்காது. ஆகவே மூன்று பெட்டிகளையும் அம்புக்குறிகளால் முக்கோணமாக இணைக்கும் பழைய படத்தை வைத்து வலை கன்ட்ரோலரைக் கற்கத் தொடங்குவது குழப்பத்தையே தரும். ஒரு கோரிக்கையின் பின்னாலேயே போய்ப் பார்ப்பது மேல்.

டேவிட் ஹைனமையர் ஹான்ஸன் 2004இல் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைச் சட்டகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு செய்தித் தளத்தில் வாசகர் ஐந்தாம் எண் கட்டுரையைத் திறக்கிறார். முகவரியை முதலில் பார்ப்பது ரவுட்டர். எந்த முகவரி எந்த கன்ட்ரோலரின் எந்த மெத்தடுக்குப் போக வேண்டும் என்ற பட்டியல் அதனிடம் உண்டு. கட்டுரைகளுக்கான கன்ட்ரோலர் கிளாஸிலிருந்து ஒரு புதிய ஆப்ஜெக்ட் உருவாகிறது. அதன் ‘ஷோ’ மெத்தட் அழைக்கப்படுகிறது. அது 5 என்ற எண்ணை மாடலிடம் கொடுத்துக் கட்டுரையைக் கேட்கிறது. கிடைத்தால் வியூவுக்குப் போகும்; இல்லாவிட்டால் 404 என்ற பதில். பதில் போனதும் அந்த ஆப்ஜெக்ட்டின் ஆயுளும் முடிகிறது.

இந்தக் குறுகிய ஆயுளில்தான் புதியவர்கள் இடறுகிறார்கள். எத்தனை பேர் பக்கத்தைத் திறந்தார்கள் என்று எண்ண ரெயில்ஸ் கன்ட்ரோலரின் இன்ஸ்டன்ஸ் மாறி ஒன்றைப் பயன்படுத்தினால், எண்ணிக்கை ஒன்றைத் தாண்டாது. ஒவ்வொரு முறையும் வருவது புது ஆப்ஜெக்ட். ஜாவா மொழிக்கான ஸ்பிரிங் சட்டகத்தில் நிலைமை நேர் எதிர்: இயல்பாக ஒரே கன்ட்ரோலர் ஆப்ஜெக்ட்தான் எல்லாக் கோரிக்கைகளுக்கும் பதில் சொல்கிறது. அதில் ஒரு பயனரின் பெயரைச் சேமித்துவைத்தால், அதே நொடியில் நுழையும் இன்னொருவரின் பக்கத்தில் அது தெரியக்கூடும். நிரலர் தனியாகச் சோதிக்கும்போது இந்தப் பிழை தலைகாட்டாது. கூட்டம் சேர்ந்த பிறகே வெளிப்படும். நீடிக்க வேண்டிய தகவலுக்கு இடம் செஷன் (ஒரு பயனரின் தொடர் கோரிக்கைகளுக்கான சேமிப்பு) அல்லது தரவுத்தளம், கன்ட்ரோலர் அல்ல.

ஒரு கிளாஸின் மெத்தடுகளை மற்ற கிளாஸ்கள் பெற்றுக்கொள்ளும் வாரிசு முறை கன்ட்ரோலர்களில் நன்றாகவே பயன்படுகிறது. எல்லா கன்ட்ரோலர்களுக்கும் பொதுவான ஒரு தாய் கிளாஸில், உள்நுழைந்தவர் யார் என்று பார்க்கும் மெத்தடை ஒருமுறை எழுதினால் போதும்.

படிவங்களை வாங்கும்போது கவனம் கூடுதலாக வேண்டும். சேமித்த கையோடு பக்கத்தைக் காட்டாமல் வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது வழக்கம். இல்லையெனில் வாசகர் பக்கத்தைப் புதுப்பிக்கும்போது அதே படிவம் இரண்டாம் முறை போய்ச் சேரலாம். வந்ததையெல்லாம் அப்படியே மாடலிடம் தள்ளுவது அதைவிட ஆபத்து. படிவத்தில் இல்லாத ஒரு புலத்தை, உதாரணமாக நிர்வாகி உரிமையை, யாரேனும் தாமே சேர்த்து அனுப்ப முடியும். 2012 மார்ச்சில், மூல நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் இந்த வகை ஓட்டையைப் பயன்படுத்தி, ரெயில்ஸின் மூல நிரலிலேயே மாற்றம் செய்ய முடியும் என்று ஒருவர் செய்து காட்டினார். அடுத்த ஆண்டு வந்த ரெயில்ஸ் 4, எந்தெந்தப் புலங்களை ஏற்கலாம் என்பதை கன்ட்ரோலரிலேயே வெளிப்படையாகச் சொல்லவைத்தது.

கன்ட்ரோலர் பெருத்துப் போவது அன்றாட நோய். தள்ளுபடிக் கணக்கு அங்கே எழுதப்பட்டால், கைபேசிச் செயலிக்கான கன்ட்ரோலரிலும் இரவில் ஓடும் தானியங்கி வேலையிலும் அதே கணக்கைத் திரும்ப எழுத நேரிடும். ஒன்றில் விகிதத்தை மாற்றி மற்றதை மறப்பது சகஜம். கணக்கைச் சோதிக்கவும் ஒரு போலிக் கோரிக்கையைத் தயாரித்தாக வேண்டும். கன்ட்ரோலரை ஒல்லியாக்கி மாடலைப் பருமனாக்குங்கள் என்று 2006இல் நிரலர் ஜேமிஸ் பக் எழுதியது ரெயில்ஸ் வட்டாரத்தில் வேதவாக்கானது. பிறகு மாடல்கள் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு வீங்கவே, பல குழுக்கள் ‘ஆர்டரை உறுதிசெய்’ போன்ற ஒவ்வொரு செயலுக்கும் சர்வீஸ் கிளாஸ் ஒன்றைத் தனியாக எழுதத் தொடங்கின. அப்போது கன்ட்ரோலரில் மிஞ்சுவது சில வரிகளே: உள்ளே வந்ததைச் சரிபார்ப்பது, ஒரு சர்வீஸை அழைப்பது, வெற்றி என்றால் ஒரு பக்கம், தோல்வி என்றால் வேறொன்று.