தாடியஸ் ஸ்டீவன்ஸ் (1792–1868)
வழக்கறிஞர், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்

வெர்மான்ட் மாநிலத்தின் ஏழைக் குடும்பம் ஒன்றில், வளைந்த பாதத்துடன் பிறந்தவர். பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1821இல், விடுதலை கேட்டு நீதிமன்றம் வந்த சாரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண்ணுக்கு எதிராக, உரிமையாளர் பக்கம் வாதாடி வென்றார். அவர் வாழ்வில் இது ஒரு கறை, மறைக்க வேண்டியதில்லை. பின்னாளில் தப்பி வந்த அடிமைகளுக்காகக் கட்டணமின்றி வாதாடியவரும் இவரே. 1851இல் கிறிஸ்டியானா ஊர்மக்கள் அடிமை பிடிக்க வந்தவர்களை எதிர்த்து நின்றபோது, அவர்கள்மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது. ஊர்மக்கள் தரப்பில் வாதாடிய குழுவில் ஸ்டீவன்ஸும் இருந்தார். முதலில் விசாரணைக்கு நிறுத்தப்பட்ட காஸ்ட்னர் ஹான்வே விடுதலையானார்.

1835இல் மாநிலச் சட்டமன்றத்தில், இலவசப் பள்ளிச் சட்டத்தை ரத்துசெய்யும் முயற்சியைத் தம் பேச்சாலேயே முறியடித்தார். உள்நாட்டுப் போரின்போது பிரதிநிதிகள் சபையின் நிதிக் குழுத் தலைவராகப் போர்ச் செலவுக்கு வழிகண்டார். 1863இல் தென்மாநிலப் படை அவருடைய இரும்பாலையை எரித்தது. அடிமை முறையை ஒழித்த 13ஆம் திருத்தத்துக்கும், சட்டத்தின் முன் சமத்துவம் தந்த 14ஆம் திருத்தத்துக்கும் சபையில் முன்னின்று போராடினார். நடக்க முடியாத நிலையிலும், 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன்மீதான பதவிநீக்க விசாரணைக்கு நாற்காலியில் தூக்கிச் செல்லப்பட்டார்.

கறுப்பினத்தவரை அனுமதிக்காத கல்லறைத் தோட்டங்களை மறுத்து, தம்மை அடக்கம் செய்ய லங்காஸ்டரின் இந்தச் சிறிய இடத்தைத் தேர்ந்தெடுத்தார். காரணத்தை அவரே எழுதி, கல்லில் பொறிக்கச் செய்திருக்கிறார். ஒரு நிமிடம் நின்று அதைப் படியுங்கள்.