மகிழ்ச்சியைக் கூறும் யப்பானியச் சொற்கள்



ஹட்டன் பகுதியில் அரசாங்கப் பாடசாலையொன்றின் அதிபராகப் பணியாற்றி வருகிறேன். சில மாதங்களுக்கு முன், ஒரு மாலை வேளையில், எம்மிடம் உயர்தரம் பயின்று வெளியேறிய மாணவி ஒருத்தி நற்சான்றுப் பத்திரம் பெறுவதற்கு வந்தாள். யப்பானில் முதியோரைப் பராமரிக்கும் தொழிலுக்குச் செல்ல விரும்பி, அவள் அந்நாட்டு மொழியைக் கற்று வருகிறாள். தொழிலாளரை அனுப்புவது பற்றி 2019 ஆம் ஆண்டில் இலங்கையும் யப்பானும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அவ்வழியே செல்ல விரும்புவோருள் இவளும் ஒருத்தி.

அவள் கையிலிருந்த பயிற்சிப் புத்தகத்தில் ஒரு வாக்கியம் சிவப்பு மையினால் அடிக்கப்பட்டிருந்தது. ‘அம்மா மகிழ்ச்சியாக இருக்கிறார்’ என்பதனை யப்பானிய மொழியில் எழுதியிருந்தாள். சொல் சரி, எழுத்தும் சரி. ஆயினும் வாக்கியம் பிழையென ஆசிரியர் குறித்திருந்தார். “இதில் என்ன பிழை, சேர்?” என்று என்னைக் கேட்டாள். அவ்வேளை என்னிடம் விடை இல்லை. பின்னர் நூல்களைப் புரட்டி நான் அறிந்துகொண்டதையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

மகிழ்ச்சிக்குத் தமிழில் சொற்கள் பல. உவகை, இன்பம், களிப்பு என்பன ஒருபுறமிருக்க, வடமொழி வழிவந்த சந்தோஷம், ஆனந்தம் என்பனவும் நம் நாவில் வழங்குகின்றன. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் உவகையை ஒன்றாக வைத்து, செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என அது பிறக்கும் இடங்களையும் நான்காக வகுத்துக் காட்டினார். யப்பானியரும் மகிழ்ச்சியைப் பல கூறாக்கியே பேசுகின்றனர்.

பரீட்சையில் சித்தியடைந்த செய்தி கிடைத்ததும் நெஞ்சில் சட்டென எழுகிறதே ஒரு மகிழ்ச்சி, அது ‘உரெஷீ’. காமன்கூத்தில் இரவு முழுதும் கண்விழித்து ஈடுபட்டிருக்கையில், அச்செயலிலேயே நாம் துய்க்கும் இன்பம் ‘தனொஷீ’. உள்ளத்து மகிழ்ச்சி முகத்திலும் செயலிலும் வெளிப்படுவதைக் கூறும் வினைச்சொல் ‘யொரொகொபு’. வாழ்க்கை நல்லபடி அமைந்த நிறைவு ‘ஷியவஸே’. இச்சொல்லின் வரலாறு சுவையானது. பல காரியங்கள் ஒன்றோடொன்று பொருந்தி வருதல் என்பதே இதன் அடிப்படை. முற்காலத்தில் நல்வாய்ப்பு, தீவாய்ப்பு இரண்டிற்கும் பொதுவாக நின்று, பின்னரே நல்வாழ்வை மட்டும் குறிக்கலாயிற்று. சீன எழுத்து வழிவந்த ‘கோஃபுகு’ என்னும் சொல் ஏட்டு வழக்குக்குரியது. 1946 இல் பிரகடனம் செய்யப்பட்ட யப்பானிய அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை, மகிழ்ச்சியை நாடும் மக்கள் உரிமையை இச்சொல்லாலேயே குறிப்பிடுகிறது.

சுகம் விசாரித்தால் யப்பானியர் ‘ஒகாகேசமாதே’ என்பர். ‘காகே’ என்பது நிழல். ‘உங்கள் நிழலினால் நலமாயிருக்கிறேன்’ என்பது போன்ற பொருள். ‘உங்கள் புண்ணியத்தில் சுகமாயிருக்கிறோம்’ என்று நம் முதியோர் கூறுவதற்கு இது எத்துணை நெருக்கமானது! தேயிலை மலையில் நிழல் மரத்தின் அருமையறிந்த நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

இனி, மாணவியின் பிழைக்கு வருவோம். ‘உரெஷீ’ என்ற சொல்லை ஒருவர் தம்மைக் குறித்துத் தடையின்றிச் சொல்லலாம். பிறரைக் குறித்து அவ்வாறே முடிந்த முடிபாகச் சொல்லுதல் அம்மொழி வழக்கிற்கு ஒவ்வாது. தோற்றத்தைக் கண்டு கூறுவதாயின் ‘உரெஷிஸோ’ எனல் வேண்டும். மகிழ்ச்சியுடையவர் போல் தோன்றுகிறார் என்பது பொருள். அவரே சொல்லக் கேட்டதாயின், ‘மகிழ்ச்சி என்று சொல்கிறார்’ என முடித்தல் வேண்டும். துயரம், வலி, குளிர், ஆசை ஆகிய உணர்வுகளுக்கும் இவ்விதி பொருந்தும். பிறர் நெஞ்சு நமக்கு நேரே புலனாவதன்று. எனவே, கண்டு சொல்கிறோமா, கேட்டுச் சொல்கிறோமா என்பதை வாக்கியமே காட்டிவிடுகிறது.

தமிழிலும் ‘போலும்’ உண்டு, ‘என்கிறார்’ உண்டு. ஆனால், அவற்றைச் சேர்ப்பதும் விடுவதும் நம் விருப்பம். ‘அவளுக்குச் சந்தோஷம்’ என்று சொல்லிவிட்டு நாம் நடந்துவிடலாம். இலக்கணம் நம்மைத் தடுப்பதில்லை. இலக்கணத்தினால் ஒரு மக்கட் கூட்டம் நற்குணம் பெற்றுவிடும் என்று நான் கூறவில்லை. கதை சொல்லும் யப்பானிய ஆசிரியரும் பாத்திரங்களின் நெஞ்சினுள் புகுந்து எழுதுவதுண்டு. எனினும், இவ்விதி நம் மலையகத்தாருக்குச் சிந்தனை தருவது.

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சிரிக்கும் பெண்ணின் படத்தைத் தேயிலைப் பொட்டலங்களில் கண்டிருப்பீர்கள். அதனைப் பார்த்த ஒருவர், ‘இம்மக்கள் மகிழ்ச்சியாக வாழ்கின்றனர்’ என்று எழுதுகிறார். லயத்தின் கூரையைப் பார்த்த வேறொருவர், ‘இவர்கள் மகிழ்ச்சி என்பதையே அறியார்’ என்று எழுதுகிறார். இருவரும் கண்டதுண்டு, கேட்டதில்லை. அந்தப் பெண் சிரித்தது உவகையினாலா, படம் பிடித்தவர் சிரிக்கச் சொன்னதனாலா? கேட்டுச் சொன்னோரும் இல்லாமலில்லை. மலையகத்தின் சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாடல்களை அவர்கள் வாய்மொழியாகவே தொகுத்து வைத்தார். அம்மக்களின் இன்பமும் துன்பமும் அங்கே அவர்தம் சொல்லிலேயே நிற்கின்றன.

பிறரைக் குறை கூறுவானேன்? மாணவர் தேர்ச்சி அறிக்கைகளில், ‘மகிழ்ச்சியுடன் கற்கிறாள்’ என்று எத்தனையோ ஆண்டுகளாக நானும் எழுதி வந்திருக்கிறேன். அவர்களுள் எத்தனை பேரைக் கேட்டு எழுதினேன் என்று என்னையே வினவிப் பார்த்தேன். விடை பெருமைக்குரியதன்று.

இரு கிழமை கழித்து அம்மாணவி மீண்டும் வந்தாள். பிழையின் காரணத்தைச் சொன்னேன். “அப்படியானால் அம்மாவைக் கேட்டுத்தான் எழுத வேண்டும், சேர்” என்று கூறிச் சென்றாள். கொழுந்து பறித்து வீடு திரும்பிய தாயிடம் அன்றிரவே கேட்டிருக்கிறாள். தாய் சற்று நேரம் பேசவில்லையாம். பின்னர், “சந்தோஷந்தான் புள்ள. ஆனா நீ போன பொறகு இந்த வீட்டுல நான் யாருகிட்ட பேசுவேன்?” என்றாராம். மகள் அதுநாள் வரை அறியாத செய்தி அது.

மறுநாள் அவள் கொண்டுவந்த புத்தகத்தில், ‘மகிழ்ச்சி என்று அம்மா சொல்கிறார்’ என்று யப்பானிய மொழியில் எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு வரி இடம் விட்டிருந்தாள். தாயின் இரண்டாவது வாக்கியத்தை எழுதுவதற்கு வேண்டிய சொற்களை அவள் இன்னும் கற்கவில்லை.

நேயர்களே, இன்றிரவு உங்கள் இல்லத்திலும் ஒருவரை இக்கேள்வி கேட்டுப் பாருங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.